எச்ஐவியும் நம் உடலின் காவல் அணுக்களும்: ஆய்வுக்கூடம் மூத்தோருக்குச் சொல்லும் பாடம்

எச்ஐவி என்ற சொல்லைக் கேட்டதும், "அது இளையர்கள் கவலைப்பட வேண்டிய விஷயம், நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று மூத்தோர் பலர் நினைப்பதுண்டு. பேரப்பிள்ளைகள் எடுத்த பிறகு இதைப் பற்றிப் படிப்பதற்கே சிலருக்குக் கூச்சமாக இருக்கலாம். ஆனால் கிருமிக்கு நம் வயது தெரியாது.

சிங்கப்பூரில் எச்ஐவி தொற்று முதன்முதலில் 1985ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. அன்று இந்தக் கிருமிக்கு மருந்து கிடையாது. இன்று நல்ல மருந்து இருக்கிறது. இருந்தும், அண்மைய ஆண்டுகளில் இங்கே புதிதாகக் கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் நோய் முற்றிய நிலையில்தான் மருத்துவரிடம் வந்திருக்கிறார்கள். நோய் முற்றும்வரை அவர்களில் பலருக்குத் தங்களுக்குத் தொற்று இருப்பதே தெரியவில்லை.

இது எப்படி நடக்கிறது? ஆண்டுக்கணக்கில் ஒரு கிருமி உடலுக்குள் இருந்தும், ஏன் நமக்குத் தெரிவதில்லை? 40 ஆண்டுகளாக ஆய்வுக்கூடங்களில் இரத்த அணுக்களை வைத்து ஆராய்ந்த அறிவியலாளர்கள் இதற்கு விடை கண்டிருக்கிறார்கள். அதை எளிய முறையில் இங்கே தெரிந்துகொள்வோம்.

1. நம் உடலின் காவல் படை

நம் இரத்தத்தில் சிவப்பு அணுக்களும் வெள்ளை அணுக்களும் இருக்கின்றன. சிவப்பு அணுக்கள் உயிர்வாயுவைச் சுமந்து செல்கின்றன. வெள்ளை அணுக்கள் உடலுக்குக் காவல் இருக்கின்றன. சளிக்காய்ச்சல் வந்து நான்கு நாளில் தானாகவே குணமாகிறது என்றால், அதற்கு இந்த வெள்ளை அணுக்கள்தான் காரணம்.

காவல் அணுக்களில் மூன்று வகையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

சிடி4 அணுக்கள்: இவை மேற்பார்வையாளர்கள். கல்யாண வீட்டுச் சமையல்கட்டில் ஒரு பெரியவர் இருப்பார். அவர் காய் நறுக்க மாட்டார், அடுப்படியில் நிற்க மாட்டார். ஆனால் எதை எப்போது செய்ய வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்வது அவர்தான். அவர் இல்லாவிட்டால் பத்துப் பேர் இருந்தும் பந்தி நேரத்துக்கு நடக்காது. சிடி4 அணுக்களின் வேலையும் அப்படிப்பட்டது.

சிடி8 அணுக்கள்: இவை களத்தில் இறங்கிப் போராடும் வீரர்கள். கிருமி புகுந்த அணுக்களைத் தேடிப் பிடித்து அழிக்கின்றன.

பி அணுக்கள்: இவை நோய் எதிர்ப்பொருள்களை உருவாக்குகின்றன. இந்த எதிர்ப்பொருள்கள் கிருமியின் மேல் ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்கின்றன. தடுப்பூசி போடும்போது உடலில் உருவாவதும் இத்தகைய எதிர்ப்பொருள்தான்.

2. எச்ஐவி யாரைத் தாக்குகிறது?

1981ஆம் ஆண்டு ஜூன் மாதம், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஐந்து இளம் ஆடவர்களுக்கு அரிய வகை நுரையீரல் அழற்சி வந்ததாக ஒரு மருத்துவ அறிக்கை வெளியானது. சாதாரணமாக நல்ல உடல்நிலையில் இருப்பவர்களை அந்த நோய் தாக்குவதில்லை. அவர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது, மேற்பார்வை செய்யும் வெள்ளை அணுக்கள் பெரிதும் குறைந்திருந்தது தெரிந்தது.

1983ஆம் ஆண்டு பாரிஸ் நகரின் பாஸ்டர் கழகத்தில், பிரான்சுவாஸ் பாரே-சினூசி, லூக் மொன்டாக்னியே ஆகியோரின் குழு இதற்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்தது. ஒரு நோயாளிக்குக் கழுத்தில் நெறி கட்டியிருந்த இடத்திலிருந்து எடுத்த சிறு திசுவை ஆய்வுக்கூடத்தில் வளர்த்தே அதைக் கண்டறிந்தனர். இருவருக்கும் 2008ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

1984ஆம் ஆண்டே, அந்தக் கிருமி அணுக்களுக்குள் நுழையும் வாசல் எது என்பதும் தெரிந்தது. மேற்பார்வை அணுக்களின் வெளிப்புறத்தில் இருக்கும் 'சிடி4' என்ற புரதமே அந்த வாசல். மற்ற பல கிருமிகள் காவல் படைக்குப் பயந்து ஒளிந்துகொள்ளப் பார்க்கும். எச்ஐவி காவல் படையின் மேற்பார்வையாளரையே தாக்குகிறது. இதனால்தான் இது மற்ற தொற்றுகளைவிட ஆபத்தானது.

3. ஆய்வுக்கூடத்தில் என்ன செய்கிறார்கள்?

நீரிழிவுக்கும் கொழுப்புக்கும் கையிலிருந்து இரத்தம் எடுப்பது உங்களுக்குத் தெரியும். இந்த ஆய்வும் அப்படித்தான் தொடங்குகிறது.

முதல் படி: இரத்தத்தை ஒரு குழாயில் அடர்த்தியான திரவத்தின் மேல் மெதுவாக ஊற்றி, வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் வைக்கிறார்கள். கனமான சிவப்பு அணுக்கள் அடியில் போய்த் தங்கிவிடும். நடுவில் பாலாடை போல மெல்லிய வெண்படலம் ஒன்று நிற்கும். அதில்தான் நாம் தேடும் காவல் அணுக்கள் உள்ளன.

இரண்டாம் படி: அந்த அணுக்களைச் சத்து நீரில் இட்டு, உடல் வெப்பமாகிய 37 டிகிரி செல்சியசில் வைத்து வளர்க்கிறார்கள். உறங்கிக்கொண்டிருக்கும் அணுக்களை எழுப்பிச் செயல்பட வைக்க ஒரு பொருள் சேர்ப்பார்கள். ராஜ்மா எனப்படும் சிவப்புப் பயறிலிருந்து எடுக்கப்படும் ஒரு புரதம் இதற்குப் பல ஆண்டுகளாகப் பயன்படுகிறது.

மூன்றாம் படி: அணுக்களுடன் எச்ஐவி கிருமியைச் சேர்க்கிறார்கள். இதற்குத் தனிப் பாதுகாப்பு அறை உண்டு. அறைக்குள் இருக்கும் காற்று வெளியே கசியாதபடி காற்றழுத்தம் குறைவாக வைக்கப்பட்டிருக்கும். வேலை செய்பவர்கள் பாதுகாப்பு உடையும் கையுறையும் அணிந்திருப்பார்கள்.

நான்காம் படி: சில நாள்கள் கழித்து, கிருமி எவ்வளவு பெருகியது என்று அளக்கிறார்கள். கிருமியின் உட்பகுதியில் உள்ள 'பி24' என்ற புரதம் சத்து நீரில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கொண்டு இதைக் கணக்கிடலாம். அணுக்களின் மேல் ஒளிரும் நிறக் குறிகளை ஒட்டி, லேசர் ஒளியின் முன்னே ஒவ்வொன்றாக ஓடவிட்டு எண்ணவும் செய்கிறார்கள். இந்தக் கருவி ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான அணுக்களை வகை பிரித்துவிடும்.

இந்த முறைகள் ஆய்வோடு நின்றுவிடவில்லை. மருத்துவமனை அறிக்கையில் வரும் 'சிடி4 எண்ணிக்கை' இப்படிப்பட்ட கருவியில்தான் எடுக்கப்படுகிறது. இன்றைய எச்ஐவி இரத்தப் பரிசோதனைகள் பலவும் நோய் எதிர்ப்பொருளோடு பி24 புரதத்தையும் சேர்த்தே தேடுகின்றன.

4. முதல் பாடம்: நம் அணுக்கள் நன்றாகவே போராடுகின்றன

1986ஆம் ஆண்டு, சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜே லீவி என்ற அறிவியலாளரின் குழு ஒரு வியப்பான விஷயத்தைக் கவனித்தது. எச்ஐவி தொற்று இருந்த சிலரின் இரத்த அணுக்களை வளர்த்தபோது கிருமி வெளியே வரவே இல்லை. அந்த அணுக்களிலிருந்து சிடி8 வீரர்களை மட்டும் பிரித்து நீக்கினார்கள். உடனே கிருமி பெருகத் தொடங்கியது. வீரர்களைத் திரும்பச் சேர்த்ததும் கிருமி மறுபடி அடங்கியது. ஆக, கிருமியை அடக்கி வைத்திருந்தது சிடி8 அணுக்களே என்பது தெளிவானது.

1999ஆம் ஆண்டு குரங்குகளிடம் நடந்த ஆய்வுகளும் இதையே காட்டின. எச்ஐவியைப் போன்ற கிருமி தொற்றிய குரங்குகளின் உடலிலிருந்து சிடி8 அணுக்களைத் தற்காலிகமாக நீக்கியபோது, இரத்தத்தில் கிருமி மளமளவென்று கூடியது. அணுக்கள் மீண்டும் வந்ததும் கிருமி குறைந்தது.

மனிதர்களுக்கும் தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் கிருமி மிக அதிகமாக இருக்கும். பிறகு சிடி8 அணுக்கள் களமிறங்கும். கிருமி அளவு குறையும். காய்ச்சல் விட்டுவிடும். அந்த மனிதர் நலமாக நடமாடத் தொடங்குவார்.

பெரும்பாலோர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். காய்ச்சல் போய்விட்டது என்பதால் கிருமி போய்விட்டது என்று பொருளில்லை.

5. இரண்டாம் பாடம்: அமைதி என்பது வெளித்தோற்றம் மட்டுமே

தொற்று ஏற்பட்டபின் பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் இருக்காது. அந்தக் காலத்தில் கிருமி தூங்குகிறது என்றே முன்பு பலரும் எண்ணினார்கள்.

1995ஆம் ஆண்டு, நியூயார்க்கில் டேவிட் ஹோ தலைமையிலான குழுவும் அலபாமாவில் ஜார்ஜ் ஷா தலைமையிலான குழுவும் இந்த எண்ணத்தை மாற்றின. புதிய மருந்தைக் கொடுத்துக் கிருமி பெருகுவதைத் திடீரென நிறுத்தி, இரத்தத்தில் கிருமி எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று அவர்கள் அளந்தார்கள். கிருமி சில நாள்களிலேயே வேகமாகக் குறைந்தது. அதன் பொருள் என்ன? மருந்து இல்லாதபோது, ஒவ்வொரு நாளும் நூற்றுக்கணக்கான கோடிக் கிருமிகள் புதிதாகப் பிறந்து, கிட்டத்தட்ட அதே அளவு அழிந்தும் வந்திருக்கின்றன.

ஒரு தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே குழாய் திறந்திருக்கிறது. கீழே வடிகாலும் திறந்திருக்கிறது. தொட்டியில் நீர்மட்டம் அப்படியே இருப்பதால், ஒன்றும் நடக்கவில்லை என்று தோன்றும். ஆனால் நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. அறிகுறி இல்லாத ஆண்டுகளிலும் உடலுக்குள் இரவு பகலாகப் போர் நடக்கிறது.

இந்தப் போரில் கிருமிக்குச் சாதகமான விஷயம் ஒன்று உண்டு. தன்னை நகல் எடுக்கும்போது அது அடிக்கடி பிழை செய்யும். அந்தப் பிழைகளால் அதன் தோற்றம் மாறிக்கொண்டே இருக்கும். சிடி8 வீரர்கள் ஒரு தோற்றத்தை அடையாளம் கண்டு தாக்கும்போது, கிருமி வேறு தோற்றத்துக்கு மாறியிருக்கும். ஓய்வில்லாமல் போராடும் வீரர்களும் நாளடைவில் களைத்துச் செயல் குன்றிப் போகிறார்கள்.

6. மூன்றாம் பாடம்: கிருமி பெருகாத அணுக்களும் மடிகின்றன

சிடி4 அணுக்கள் ஏன் இவ்வளவு எண்ணிக்கையில் மடிகின்றன என்பது நீண்ட நாள் புரியாத கேள்வியாக இருந்தது. 2014ஆம் ஆண்டு, சான் ஃபிரான்சிஸ்கோவின் கிளாட்ஸ்டோன் கழகத்தில் வார்னர் கிரீன் தலைமையிலான குழு இதற்கு முக்கியமான விடை ஒன்றைத் தந்தது. அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட டான்சில் திசுவை வைத்து அவர்கள் ஆராய்ந்தார்கள்.

அந்தத் திசுவில் மடிந்த சிடி4 அணுக்களில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை, கிருமி முழுமையாகப் பெருகிய அணுக்கள் அல்ல. கிருமி உள்ளே நுழைந்து, பெருக முடியாமல் பாதியில் நின்றுபோன அணுக்கள் அவை. உள்ளே ஏதோ புகுந்துவிட்டது என்று உணர்ந்த அணு, தன்னையே வெடிக்க வைத்துக்கொள்கிறது. வெடிக்கும்போது அழற்சியை உண்டாக்கும் பொருள்கள் வெளியேறுகின்றன. அந்த அழற்சி மேலும் பல சிடி4 அணுக்களை அந்த இடத்துக்கு வரவழைக்கிறது. அவையும் அதே கதிக்கு ஆளாகின்றன.

இப்படி நீடிக்கும் அழற்சி, நோய் எதிர்ப்பு சக்தியைக் குறைப்பதோடு இரத்தக் குழாய்களையும் இதயத்தையும் பாதிக்கிறது. எச்ஐவி உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் அபாயம் மற்றவர்களைவிட அதிகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

7. நான்காம் பாடம்: நீறு பூத்த நெருப்பு

1996ஆம் ஆண்டிலிருந்து, வெவ்வேறு வகை மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவலானது. இரத்தத்தில் கிருமியைக் கண்டுபிடிக்கவே முடியாத அளவுக்கு அது குறைந்தது. இனி முழுதாகக் குணமாகிவிடும் என்று பலரும் நம்பினார்கள்.

1997ஆம் ஆண்டு வெளியான ஆய்வுகள் வேறு செய்தியைச் சொன்னன. நல்ல சிகிச்சை பெற்றவர்களின் இரத்தத்திலிருந்து, ஓய்வில் இருக்கும் சிடி4 அணுக்களை எடுத்து ஆய்வுக்கூடத்தில் தட்டி எழுப்பியபோது, கிருமி மீண்டும் வெளிவந்தது. எச்ஐவி, அணுவின் மரபணுவிலேயே தன்னை எழுதிவைத்துக்கொள்கிறது. அந்த அணு உறங்கும்வரை கிருமியும் உறங்கும். அத்தகைய அணுக்கள் மிகக் குறைவு. ஓய்வில் இருக்கும் ஒரு மில்லியன் சிடி4 அணுக்களில் ஏறத்தாழ ஒன்றே ஒன்றுதான். ஆனால் அவை மிக மெதுவாகவே குறைகின்றன. அவை தாமாகவே மறைய 60 ஆண்டுகளுக்கும் மேல் ஆகும் என்று கணக்கிடப்பட்டது.

நீறு பூத்த நெருப்பு என்று நாம் சொல்வதுண்டு. மேலே சாம்பல், உள்ளே கங்கு. மருந்தை நிறுத்தினால், பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் கிருமி மீண்டும் பெருகத் தொடங்கும். மருத்துவர் "மாத்திரையை ஒருநாள்கூட விடாதீர்கள்" என்று வலியுறுத்துவது இதனால்தான்.

8. வயது கூடும்போது என்ன மாறுகிறது?

நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்ற சிறிய சுரப்பி இருக்கிறது. சிடி4, சிடி8 அணுக்கள் பயிற்சி பெறும் பள்ளிக்கூடம் அது. இளம் வயதில் நன்றாக வேலை செய்யும் தைமஸ், வயது ஆக ஆகச் சுருங்கிவிடுகிறது. புதிய அணுக்கள் உருவாவதும் குறைகிறது.

இதனால் மூத்தோருக்கு இரண்டு பாதிப்புகள் உண்டு. முதலாவது, சிகிச்சை பெறாவிட்டால் நோய் விரைவாக முற்றுகிறது. இளம் வயதினருக்குச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் ஆகக்கூடும் என்றால், மூத்தோருக்கு அதைவிடக் குறைவான காலமே ஆகும். இரண்டாவது, சிகிச்சை தொடங்கிய பிறகு சிடி4 எண்ணிக்கை மெதுவாகவே உயர்கிறது. மருந்து கிருமியை அடக்குவதில் இளையருக்கும் மூத்தோருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இழந்த அணுக்களைத் திரும்ப உருவாக்குவதில்தான் வயது குறுக்கே நிற்கிறது.

ஆகவே, அணுக்கள் பெருமளவு மடிவதற்கு முன்பே சிகிச்சையைத் தொடங்குவது மூத்தோருக்கு மிகவும் முக்கியம்.

9. "வயசாகிடுச்சு, அதான்" என்று விட்டுவிடாதீர்கள்

எச்ஐவியின் அறிகுறிகள் பல, முதுமையின் தொல்லைகள் போலவே இருக்கும். கீழ்க்கண்டவை உங்களுக்கு இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

• காரணம் தெரியாமல் உடல் எடை குறைதல்
• வாரக்கணக்கில் நீடிக்கும் காய்ச்சல், இருமல் அல்லது வயிற்றுப்போக்கு
• இரவில் உடை நனையும் அளவுக்கு வியர்த்தல்
• வாயிலும் நாக்கிலும் வெள்ளைப் படலம்
• அடிக்கடி அக்கி வருதல்
• கழுத்து, அக்குள் பகுதிகளில் நெறி கட்டி நீண்ட நாள் கரையாமல் இருத்தல்
• காசநோய், அல்லது திரும்பத் திரும்ப வரும் நுரையீரல் அழற்சி

இவற்றுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். காரணம் எது என்று அறிய வேண்டும். அதே நேரம், அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் தொற்று இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். உறுதியாகச் சொல்வது இரத்தப் பரிசோதனை மட்டுமே.

10. பரிசோதனை செய்துகொள்வது எப்படி?

நீங்கள் எப்போதாவது ஆணுறை இல்லாமல் புதிய துணையுடனோ ஒன்றுக்கு மேற்பட்ட துணையுடனோ உறவு வைத்திருந்தால், அல்லது உங்கள் துணைக்கு அப்படிப்பட்ட உறவு இருந்திருக்கலாம் என்று கருதினால், ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். அது பல ஆண்டுகளுக்கு முன்பு நடந்திருந்தாலும் சரி. துணையை இழந்த பிறகு புதிய உறவு ஏற்பட்டவர்களுக்கும் இது பொருந்தும்.

பலதுறை மருந்தகத்திலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ கேட்கலாம். "டாக்டர், மற்ற இரத்தப் பரிசோதனையோடு எச்ஐவி பரிசோதனையும் செய்ய விரும்புகிறேன்" என்று சொன்னாலே போதும். பெயரைத் தெரிவிக்காமல் பரிசோதித்துக்கொள்ளும் வசதியும் சில மருந்தகங்களில் உண்டு.

தொற்று ஏற்பட்ட உடனே பரிசோதனையில் தெரியாது. பரிசோதனை வகையைப் பொறுத்து, சில வாரங்கள் முதல் 3 மாதங்கள் வரை ஆகலாம். அண்மையில் ஆபத்துக்கு ஆளாகியிருந்தால், மறுமுறை எப்போது வர வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஆபத்து நேர்ந்து 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குச் சென்றால், தொற்றைத் தடுக்க மருந்து கொடுக்க வாய்ப்பு உண்டு.

தொற்று உறுதியானால் இரண்டு எண்களை மருத்துவர் கவனிப்பார்.

சிடி4 எண்ணிக்கை: நலமாக இருப்பவர்களுக்கு ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் இது பெரும்பாலும் 500 முதல் 1,500 வரை இருக்கும். 200க்குக் கீழே போனால் நோய் முற்றிய நிலை. இந்த எண் உயர்வது நல்லது.

கிருமி அளவு: இரத்தத்தில் எவ்வளவு கிருமி இருக்கிறது என்பதை இது காட்டும். இந்த எண் குறைவது நல்லது. கருவியால் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைப்பதே சிகிச்சையின் இலக்கு.

11. சிகிச்சையால் என்ன பயன்?

இன்று பலருக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு மாத்திரை போதும். 35 நாடுகளில் 4,600க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற ஓர் ஆய்வின் முடிவு 2015ஆம் ஆண்டு வெளியானது. சிடி4 எண்ணிக்கை நன்றாக இருக்கும்போதே சிகிச்சை தொடங்கியவர்களுக்கு, தாமதித்துத் தொடங்கியவர்களைவிடக் கடும் நோயும் மரணமும் ஏற்படும் அபாயம் 57 விழுக்காடு குறைவாக இருந்தது. ஆய்வுக்கூடம் முன்பே காட்டியதை இது உறுதிப்படுத்தியது. போர் முதல் நாளிலிருந்தே நடக்கிறது. ஆகவே காத்திருப்பதில் பயன் இல்லை.

மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, கிருமி கண்டறிய முடியாத அளவில் நீடித்தால், உடலுறவின் வழி மற்றவருக்குத் தொற்று பரவாது. ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத நூற்றுக்கணக்கான தம்பதிகளைப் பல ஆண்டுகள் கவனித்த ஐரோப்பிய ஆய்வில், இவ்வாறு சிகிச்சை பெற்ற துணையிடமிருந்து பரவிய தொற்று ஒன்றுகூட இல்லை.

இதயத்தைப் பாதுகாக்கவும் வழி உண்டு. எச்ஐவி உள்ள 40 முதல் 75 வயதுக்குட்பட்டவர்களிடம் நடந்த ஓர் அனைத்துலக ஆய்வு 2023ஆம் ஆண்டு வெளியானது. பிட்டாவஸ்டாட்டின் என்ற கொழுப்பைக் குறைக்கும் மருந்து, மாரடைப்பு, பக்கவாதம் போன்ற கடும் பாதிப்புகளை 35 விழுக்காடு குறைத்ததாக அது காட்டியது. உங்களுக்கு இத்தகைய மருந்து தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

12. மூத்தோர் கேட்கும் கேள்விகள்

கே: ஒரே மேசையில் உண்பதாலும் கழிவறையைப் பகிர்வதாலும் பரவுமா?
ப: பரவாது. உணவங்காடியில் தட்டு, கரண்டி பகிர்வதாலும், கைகுலுக்குவதாலும், பேரப்பிள்ளையை முத்தமிடுவதாலும், கொசுக்கடியாலும் பரவாது. பாதுகாப்பற்ற உடலுறவு, ஊசியைப் பகிர்தல், சிகிச்சை பெறாத தாயிடமிருந்து பிள்ளைக்கு என்ற வழிகளில்தான் பெரும்பாலும் பரவும்.

கே: எனக்கு இரத்த அழுத்தம், நீரிழிவு மருந்துகள் இருக்கின்றன. இதையும் சேர்த்துச் சாப்பிடலாமா?
ப: சாப்பிடலாம். ஆனால் நீங்கள் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள். சில கொழுப்பு மருந்துகளை எச்ஐவி மருந்துகளோடு சேர்க்கக் கூடாது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளும் வயிற்றெரிச்சலுக்கான மருந்துகளும் சில எச்ஐவி மருந்துகளின் பலனைக் குறைக்கலாம். நாட்டு மருந்து, மூலிகைப் பொடி எதுவானாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கே: முழுவதும் குணமானவர்கள் யாருமே இல்லையா?
ப: மிகச் சிலர் இருக்கிறார்கள். பெர்லினில் 2007ஆம் ஆண்டு திமோத்தி ரே பிரவுன் என்பவருக்கு இரத்தப் புற்றுநோய்க்காக அளிக்கப்பட்ட தண்டு அணு மாற்றுச் சிகிச்சையால் எச்ஐவியும் நீங்கியது. எச்ஐவி நுழையத் தேவைப்படும் மற்றொரு புரதம் இயற்கையிலேயே குறைபட்டிருந்த ஒருவரின் அணுக்கள் அவருக்குக் கொடுக்கப்பட்டன. அது உயிருக்கு ஆபத்தான சிகிச்சை. ஆகவே எல்லாருக்கும் பொருந்தாது. மற்றவர்களுக்குத் தினசரி மாத்திரையே பாதுகாப்பான வழி.

கே: செலவை எப்படிச் சமாளிப்பது?
ப: எச்ஐவி சிகிச்சைக்கு மெடிசேவ் பயன்படுத்தலாம். மேலும் உதவி தேவைப்பட்டால் மருத்துவமனையின் மருத்துவச் சமூக ஊழியரிடம் பேசுங்கள்.

கே: பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?
ப: அவசரப்பட வேண்டாம். முதலில் உங்கள் மருத்துவரிடமோ தாதியிடமோ மருத்துவச் சமூக ஊழியரிடமோ மனம்விட்டுப் பேசுங்கள். குடும்பத்தாரிடம் எப்போது, எப்படிச் சொல்லலாம் என்பதற்கு அவர்கள் வழிகாட்டுவார்கள். துணையிடம் மட்டும் தாமதிக்காமல் சொல்ல வேண்டும். அவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

13. நினைவில் கொள்ளுங்கள்

• எச்ஐவி, காவல் படையின் மேற்பார்வையாளரான சிடி4 அணுக்களைத் தாக்குகிறது.
• நம் அணுக்கள் கிருமியை அடக்கப் பாடுபடுகின்றன. ஆனால் மருந்தின் துணையின்றி அவற்றால் நெடுங்காலம் தாக்குப்பிடிக்க முடியாது.
• அறிகுறி இல்லாத ஆண்டுகளிலும் அணுக்கள் மடிந்துகொண்டே இருக்கின்றன.
• வயது கூடக் கூட, இழந்த அணுக்களை மீட்பது கடினம்.
• ஆகவே முன்கூட்டியே பரிசோதியுங்கள். தொற்று இருந்தால் உடனே சிகிச்சை தொடங்குங்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கண்ணுக்கும் பல்லுக்கும் மருத்துவரைப் பார்ப்பதில் நாம் கூச்சப்படுவதில்லை. எச்ஐவி பரிசோதனையும் உடல்நலத்துக்காகச் செய்யும் ஒரு பரிசோதனைதான். அடுத்த முறை மருந்தகத்துக்குச் செல்லும்போது அதைப் பற்றிக் கேளுங்கள். உங்கள் வயதை ஒத்த நண்பர்களிடமும் உறவினர்களிடமும் இந்தத் துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.